குழைநறுக்கிக்குச் சட்டம் செய்த புரட்டாசி

என்னிடம் ஓர் அரைத்தாள் காகிதம் இருக்கிறது. அதன் வலது மூலையில் "கொல்லம் 1129 புரட்டாசி 5, திங்கள்" என்றும், கீழே "21-9-1953" என்றும் என் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் நகல் எழுதிப் பிழைத்தவன் நான். எதை எழுதத் தொடங்கினாலும் இரண்டு தேதியையும் போட்டுவிட்டுத்தான் கை மேலே நகரும். தேதிக்குக் கீழே ஒரு நீள்சதுரம் வரைந்திருக்கிறேன். நீளம் 42 அங்குலம், அகலம் 26 அங்குலம். நாலு மூலையிலும் போல்ட் துளைக்கு வட்டம். ஓரத்தில், "அயனி மரம், கனம் 3 அங்குலம்." அவ்வளவுதான்.

அந்தத் தாளில் உள்ள எண்கள் எல்லாம் சரி. பலமுறை பார்த்துவிட்டேன். இருந்தாலும் அந்தத் தாளை நம்பியதால்தான் என் தங்கையின் கணவர் மறுபடி ஊரை விட்டுப் போக இருந்தார்.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். யுத்தத்தில் ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் இருந்தவர். திரும்பி வந்ததும், 1122 தை மாதம், அதாவது 1947 தொடக்கத்தில், கல்யாணம். கல்யாணமாகி இரண்டு மாதத்தில் பம்பாய்க்குப் போனார். கப்பல் செப்பனிடும் இடத்தில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். அப்படி ஆறு வருஷம். அந்த ஆறு வருஷத்தில் அவர் வீட்டில் இருந்த நாட்களை ஒருநாள் என் நோட்டைப் புரட்டி எண்ணினேன். நூற்று எண்பத்து மூன்று. தங்கை எட்டிப் பார்த்துவிட்டாள்.

"இத எதுக்கு எண்ணுக அண்ணா?"

"சும்மாதான்."

"உனக்கு நாலு நாள் கொறவு. நூத்தியெண்பத்தேழு."

அவள் சொன்னதுதான் சரி. ஒரு வருஷம் அவர் ரயில் தவறியதால் நாலு நாள் தாமதமாகக் கிளம்பியதை நான் விட்டிருந்தேன்.

1953 தொடக்கத்தில் பம்பாய் போதும் என்று வந்துவிட்டார். நாகர்கோவிலில் பஸ் கம்பெனிப் பட்டறைகளில் கேட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் ஆள் இருந்தது. அப்போது அவரும் தங்கையும் என் வீட்டில்தான் இருந்தார்கள். சும்மா இருக்க அவரால் முடியாது. என் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தை இரண்டு தடவை கழற்றி மாட்டினார். அது அதற்கு முன்பும் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. யோசிக்கும்போது மெல்லச் சீட்டி அடிப்பார். சீட்டி நின்றால் ஏதோ முடிவுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம்.

ஆடி மாதம் ஒருநாள் அருமனைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனார். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்புகிறார், தட்டுமுட்டுச் சாமான்களை விற்கிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நாள் இரண்டு மாட்டு வண்டிகளோடு வந்து சேர்ந்தார். வண்டிக்காரர்கள் முகத்தில் ஒன்றரை நாள் பாரம் தெரிந்தது.

முதல் வண்டியில் இருந்தது ஒரு தோட்ட டிராக்டர். டிராக்டர் என்றதும் பெரிதாக நினைத்துவிடக்கூடாது. இரண்டே இரும்புச் சக்கரம், நடுவில் ஓர் இஞ்சின், பின்னால் நீண்ட இரண்டு கைப்பிடி. ஏறி உட்கார இடம் கிடையாது, பின்னால் நடந்துதான் ஓட்டவேண்டும். ரப்பர் வரிசைகளுக்கு இடையே களை கிளறுவதற்காக வைத்திருந்தார்களாம். தெருப் பெண்கள் பார்த்த நிமிஷமே அதற்கு இரும்புக் கன்னுக்குட்டி என்று பெயர் வைத்தார்கள்.

இரண்டாம் வண்டியில் இருந்தது வேறு ஒன்று. பெரிய தகரப்பெட்டி போன்ற உடம்பு. மேலே அகன்ற வாய், பக்கத்தில் வளைந்த ஒரு குழாய். உள்ளே ஓர் இரும்பு உருளை, அதில் பதினாறு கத்திகள். தோட்டத்தில் கிளையையும் இலையையும் நறுக்கி எருக்குழியில் போட அந்த வெள்ளைக்காரர் வரவழைத்தது. அதை ஓட்டிய இஞ்சின் வெடித்துப்போய் ஐந்தாறு வருஷம் ஷெட்டில் கிடந்திருக்கிறது. கத்திகள் துருவேறி, வாய்க்குள் எலி கூடு கட்டியிருந்தது.

"இத வச்சு என்ன செய்ய, மாப்ளே?" என்று கேட்டேன்.

"குழை நறுக்கலாம், மச்சான்."

நாஞ்சில் நாட்டு வயலைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லவேண்டாம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கன்னிப்பூ என்ற முதல் போகத்தை அறுத்து, கும்பப்பூ என்ற இரண்டாம் போகம் நடுவதற்கு முன்னால், புரட்டாசியிலும் ஐப்பசி முதலிலும் வயலுக்குப் பச்சைத்தழை போடுவோம். அதைத்தான் குழை என்பது. பூவரசு, புங்கு, வேம்பு, மலையிலிருந்து வரும் காட்டுத் தழை எல்லாம் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். பெண்கள் உட்கார்ந்து வெட்டோத்தி என்கிற வளைந்த கத்தியால் சின்னதாக நறுக்குவார்கள். பிறகு சேற்றில் போட்டு மிதிப்பார்கள். நறுக்காத குச்சி காலில் ஏறும், அழுகவும் நாளாகும். எல்லா வயலுக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் வருவதால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஆள் வேண்டும். நறுக்க ஆள் கிடைக்காமல் முழுக்கிளையாகவே போட்டு மிதித்த வருஷங்கள் உண்டு.

அவர் திட்டம் சுருக்கமானது. டிராக்டரின் இஞ்சினில் பக்கவாட்டில் ஒரு கப்பி இருந்தது. குழைநறுக்கியிலும் ஒரு கப்பி. இரண்டையும் ஒரு பட்டை பெல்ட்டால் இணைத்தால் ஓடும். ஆனால் தனித்தனியாக நிறுத்தி ஓட்டினால் அதிர்வில் விலகிவிடும். அதனால் நறுக்கியை ஒரு மரச்சட்டத்தில் ஏற்றி, சட்டத்துக்கு இரண்டு சக்கரம் போட்டு, டிராக்டருக்குப் பின்னால் கொளுவிவிடுவது. இழுத்துக்கொண்டே வயலோரம் போகலாம், நின்ற இடத்தில் பெல்ட்டை மாட்டி நறுக்கலாம்.

ஆவணி முழுக்க அதிலேயே போயிற்று. துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டினார். பதினாறு கத்தியையும் சாணை பிடித்தார். ஊரில் எல்லோரும் எந்த மாநிலத்தோடு சேர்வது என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் வீட்டில் பேச்சு பெல்ட்டைப் பற்றித்தான்.

ஆவணிக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. மலைமேல் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. பம்பாயில் உடன் வேலைசெய்த ஒருவர் இவர் பெயரைச் சொல்லியிருக்கிறார். புரட்டாசி முடிவதற்குள் பதில் வேண்டும். குடும்பத்துக்கு வீடு கிடையாது, தனி ஆளுக்கு அறை உண்டு. வருஷத்துக்குப் பதினைந்து நாள் லீவு. அவர் அதைப் படித்துவிட்டுக் கடிகாரத்துக்குப் பின்னால் செருகினார். குழைநறுக்கி ஓடினால் இங்கேயே பிழைத்துக்கொள்ளலாம், ஓடாவிட்டால் மலை. அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, எங்கள் மூவருக்கும் தெரியும். தங்கை என்னிடம் ஒரே ஒருமுறைதான் பேசினாள்.

"அண்ணா, அந்த மிசின் ஓடணும்."

"ஓடும், மக்கா."

"பதினஞ்சு நாள் லீவாம். அதுல போக ஒரு நாளு, வர ஒரு நாளு."

இவள் கணக்குக்கு முன்னால் என் கணக்கு நிற்காது என்று அன்றைக்கும் தோன்றியது.

சட்டம் செய்ய எங்கள் ஊர் ஆசாரியிடம் போனோம். என் வயதுதான் அவருக்கு. கூரைக்கூட்டு ஏற்றுவதில் சுற்றுவட்டாரத்தில் பேர் போனவர், வாயிலும் பேர் போனவர். நான் எப்போதும் நோட்டும் கையுமாக அலைவதால் எனக்கு நோட்டுக்காரர் என்று பெயர் வைத்ததும் அவர்தான். மாப்பிள்ளை அளவு சொல்லச் சொல்ல நான் அந்த அரைத்தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"தேதி மட்டும் ரெண்டு போட்டிருக்கியளே நோட்டுக்காரரே, ரெண்டு சட்டமா செய்யணும்?"

"ஒண்ணு போதும். அளவு பிசகாம இருக்கட்டும்."

"எனக்கிட்டயா பிசகு? கொள்ளாம்!"

புரட்டாசி 16-ஆம் தேதி சட்டம் வந்தது. அயனி மரத்தில் அப்படி ஒரு வேலைப்பாட்டை நான் பார்த்ததில்லை. மூலைப்பூட்டுகளில் நகம் நுழையாது. கொண்டுவந்து போட்டுவிட்டு, என் தாளையும் திருப்பித் தந்துவிட்டு, தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு வீட்டுக்குக் கூரை வேலை இருக்கிறது என்று ஆசாரி போய்விட்டார். மாப்பிள்ளை நறுக்கியைச் சட்டத்தின் நட்டநடுவில் வைத்துப் போல்ட் முடுக்கினார். சட்டத்தின் வலது கால், அதாவது வலப்பக்கக் கட்டை, டிராக்டரின் கொளுவியில் மாட்டும்படி ஏற்பாடு.

புரட்டாசி 19, திங்கள்கிழமை, வெள்ளோட்டம்.

கீழப்பத்து என்ற வயல்பரப்பில் நிலம் வைத்திருந்த ஒருவர் தன் குழையைத் தர ஒப்புக்கொண்டிருந்தார். கீழப்பத்துக்காரர் என்றே அவரைச் சொல்கிறேன். அவர் ஆள் வைத்தால் மற்றவர்களும் வைப்பார்கள், அவர் சிரித்தால் ஊரே சிரிக்கும். வெளுத்த வேட்டியும் மேல்முண்டுமாகக் களத்தில் வந்து நின்றார். இருபது கட்டு குழை தயாராகக் கிடந்தது. வேடிக்கை பார்க்க நாற்பது பேராவது இருப்பார்கள்.

இஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. மாப்பிள்ளை பெல்ட்டை மாட்டினார். உருளை சுழலத் தொடங்கியது. ஒரு கை பூவரசங்குழையை வாயில் போட்டார். குழாய் வழியே பச்சையாக ஒரு பிடி தூள் வந்து விழுந்தது. பெண்கள் "அம்மாடி" என்றார்கள். அவ்வளவுதான். பெல்ட் பட்டென்று கப்பியை விட்டுத் துள்ளிக் களத்தில் விழுந்தது.

மறுபடி மாட்டினார். மறுபடி இரண்டு கை குழை, மறுபடி பெல்ட் கீழே.

"சாடுது பாத்தியளா," என்றார் கீழப்பத்துக்காரர். "கொளத்து விரால் மாதிரி சாடுது."

"வழுக்குது போல," என்றார் மாப்பிள்ளை. குங்கிலியத்தைப் பொடித்துப் பெல்ட்டின் உட்புறம் தூவினார். அது சூடேறிப் புகைந்தது.

"என்னவே, மிசினுக்கு சாம்பிராணி காட்டுகியளா? பூசைய முடிச்சுட்டு சொல்லி அனுப்பும், பிரசாதம் வாங்க வாறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி வேப்பங்கொத்து ஒடித்துவந்து, கண்ணுபட்டிருக்கும் என்று கைப்பிடியில் கட்டினாள். மாப்பிள்ளை வேகத்தைக் குறைத்துப் பார்த்தார், கூட்டிப் பார்த்தார். பெல்ட்டைத் திருப்பிப் போட்டார். நான் என் பங்குக்கு அளவு நாடாவை எடுத்துப் பெல்ட்டின் நீளம், அகலம், இரண்டு கப்பியின் விட்டம் எல்லாவற்றையும் அளந்து எழுதினேன். சட்டத்தை மட்டும் அளக்கவில்லை. அதுதான் என் தாளிலேயே இருக்கிறதே! ஏழு தடவை பெல்ட் விழுந்ததாக நோட்டில் இருக்கிறது. ஏழாவது தடவை மாப்பிள்ளை இஞ்சினை நிறுத்தினார்.

கீழப்பத்துக்காரர் கெட்டவரில்லை. போகும்போது குரலைத் தாழ்த்தி, "நாளை மறுநாள் வரைக்கும் பாப்பேன். பொறவு தண்ணி வந்திரும், நான் பொம்பளையள கூப்பிட்டு வெட்டத்தான் செய்யணும், மனசிலாச்சா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்து மலைக்குக் கடிதம் எழுதினார். வேலைக்கு வருவதாக நாலு வரி. உறையை ஒட்டி என்னிடம் நீட்டினார்.

"நாளைக்கு ஆபீசுக்குப் போகும்போது நாகர்கோவில் தபாலாபீசிலயே போட்டிருங்க, மச்சான். இங்க போட்டா ஒரு நாள் தாமசம்."

வாங்கி நோட்டுக்குள் வைத்தேன். தங்கை அடுக்களை வாசலில் நின்றாள். அவர் அன்று சீட்டி அடிக்கவில்லை.

மறுநாள், புரட்டாசி 20-க்கு என் நோட்டில் உள்ள குறிப்பு இது: "காலை மேகம். பஸ் இருபது நிமிஷம் தாமதம். மதியம் தூறல். இரண்டு ஆதாரப் பத்திரம், ஒரு ஒத்திப் பத்திர நகல் முடித்தேன்." கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. தபாலாபீஸ் எங்கள் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில்தான் இருந்தது. மாலையில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து நோட்டை விரித்தபோது உறை உள்ளேயே இருந்தது. மறந்துவிட்டேன் என்றுதான் வெகுகாலம் எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.

வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் ஆசாரி நிற்கிறார். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து அன்றுதான் திரும்பியிருக்கிறார். வழியிலேயே யாரோ, நீ செய்த சட்டம் சரியில்லாமல் மிசின் ஓடவில்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குப் போகாமல் நேரே வந்துவிட்டார். தோளில் முழக்கோல். ஆசாரிமார் அளக்கும் கோல் அது. அதில் விரல் விரலாகக் கோடு போட்டிருக்கும். அவர்களுடைய ஒரு விரல் நம் அங்குலத்தைவிடக் கொஞ்சம் பெரிது.

"எங்க பிசகு? காட்டுங்க பாப்போம். எந்தப் பூட்டு எளகியிருக்கு?"

"பூட்டு ஒண்ணும் எளகல்ல, ஆசாரியாரே," என்றார் மாப்பிள்ளை சோர்வாக. "பெல்ட்டுதான் நிக்கமாட்டங்கு."

"அப்போ பெல்ட்டு செய்தவனப் போய்க் கேளுங்க. என் சட்டத்த ஏன் சொல்லுகிய?"

தங்கை கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதைக் கட்டைமேல் வைத்துவிட்டுக் குனிந்தார். மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். குறுக்கும் நெடுக்கும் கோலைப் போட்டு அளந்தார். நிமிர்ந்து காப்பியை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

"எல்லாம் வச்சது வச்சபடி இருக்கு. இருவத்தாறு அங்குலம், நான் கூட்டின ரெண்டு விரல். ஒரு நெல்லிடை கூடவுமில்ல, கொறயவுமில்ல."



"என்னது கூட்டினியளா?" என்றார் மாப்பிள்ளை.

"பின்னே? கூட்டாமலா? நீங்க தந்த அளவுக்கு சுத்துக்கணக்கு போட்டுப் பாத்தேன். மரணத்துல போய் விழுகு. அகலத்துல ரெண்டு விரல் கூட்டினேன், யௌவனத்துல நின்னுது. அதாக்கும் சங்கதி."

இந்தக் கணக்கு எங்கள் பக்கத்தில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். அறையோ கட்டிலோ கிணற்றுக்கட்டோ, ஆசாரி அதன் சுற்றளவை எடுத்துப் பெருக்கி, வகுத்து, மீதியைப் பார்ப்பார். பால்யம், கௌமாரம், யௌவனம், வார்த்தக்யம், மரணம் என்று ஐந்து பருவம். ஐந்தாவதில் விழுந்தால் ஒன்றிரண்டு விரல் கூட்டியோ குறைத்தோ அளவை மாற்றிவிடுவார். வீட்டுக்காரரிடம் சொல்லக்கூட மாட்டார், சொல்லித் தெரியவேண்டிய காரியமா அது? ஆனால் குழைநறுக்கியின் சட்டத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பார் என்று எனக்கோ, ராணுவப் பட்டறையிலும் பம்பாயிலும் இருந்து வந்தவருக்கோ தோன்றவே இல்லை.

மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்தார். சட்டத்தின் வலது கால்தான் டிராக்டரின் கொளுவியில் மாட்டியிருக்கிறது. அகலம் இரண்டு விரல் கூடினால் சட்டத்தின் நடு ஒரு விரல் இடதுபக்கம் தள்ளிப்போகும். நடுவில் வைத்த நறுக்கியும் ஒரு விரல் தள்ளி நிற்கும். இரண்டு கப்பியும் நேர்கோட்டில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோணலில்தான் பெல்ட் விளிம்புக்கு ஏறி ஏறிச் சாடியிருக்கிறது. இதை அவர் எங்களுக்குச் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. பத்து நாளாக அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

"ஏன் ஆசாரியாரே, ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"யாரு கேட்டா? நோட்டுக்காரரு அளவு எழுதினாரு. எதுக்கு இந்த அளவுன்னு எழுதினாரா? காரணம் எழுதியிருந்தா நான் கூட்டினத வந்து சொல்லியிருப்பேன்லா."

தாளில் தேதி இரண்டு இருந்தது, காரணம் ஒன்றுகூட இல்லை.

"செரி, போகட்டும்," என்று மாப்பிள்ளை எழுந்தார். "காலையில அந்த ரெண்டு விரல வெட்டிக் கொறச்சிருவோம்."

"என் கை வெட்டாது."

"ஆசாரியாரே..."

"வேற ஆளப் பாத்துக்கிடுங்க. உள்ள பதினாறு கத்தி கெடக்கு. அது வாயில குழைய தள்ளப்போறது நீரு. கண்ணு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். கட்டிலயே நான் மரணச்சுத்துல செய்யமாட்டேன், இதையா செய்வேன்? ஒமக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்தப் பெண்ணு மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?"

அவர் குரல் ஏறியிருந்தது. மாப்பிள்ளையும் விடவில்லை. "இரும்புக்கு ஏது வே பருவம்?" என்றார். "மரத்துக்கு உண்டு, மனுஷனுக்கும் உண்டு," என்றார் ஆசாரி. கால்மணி நேரம் இப்படியே போயிற்று. நான் நடுவில் புகுந்து, அளவை எட்டு விரல் கூட்டினால் என்ன பருவம் வரும் என்று கேட்டு இருவரிடமும் திட்டு வாங்கினேன்.

தங்கை காலி டம்ளரை எடுக்கக் குனிந்தவள், அங்கேயே நின்று சட்டத்தைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணு கேக்கேன். சுத்தளவு சட்டத்துக்குத்தானே?"

"ஆமா."

"அப்போ சட்டம் அது பாட்டுக்கு இருக்கட்டும். மிசின களத்தி, வலத்தால ஒரு விரல் தள்ளி வச்சு போல்ட்டு போட்டா போதாதா? நடுவுலதான் இருக்கணும்னு யாரு சொன்னா?"

ஆசாரி அவளைப் பார்த்தார். மாப்பிள்ளை சட்டத்தைப் பார்த்தார். நடுவில் இருக்கவேண்டும் என்று யாருமே சொல்லவில்லை. பார்க்க லட்சணமாக இருக்கும் என்று அவரே வைத்ததுதான்.

"சுத்து மாறாதுல்லா, ஆசாரியாரே?" என்று கேட்டாள் தங்கை.

"ஒரு மயிரிழை மாறாது," என்றார் ஆசாரி. பிறகு கோலைத் தோளில் போட்டுக்கொண்டு, "காலையில துளைக்கு நான் உளி கொண்டு வாறேன். நோட்டுக்காரரே, இத எழுதிக்கிடும். தேதி ஒண்ணு போட்டா போதும்."

அவர் போன பிறகு தங்கை மெல்லக் கேட்டாள்.

"அந்தக் கடுதாசு?"

நோட்டைத் திறந்து உறையை எடுத்துக் கொடுத்தேன். ஏன் போடவில்லை என்று அவள் கேட்கவில்லை. வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு அடுக்களைக்குப் போனாள்.

புரட்டாசி 21 காலை ஆசாரி நாலு துளை போட்டார். பத்து மணிக்குள் களத்துக்குப் போய்விட்டோம். இந்தத் தடவை வேடிக்கை பார்க்க ஆறு பேர்தான். கீழப்பத்துக்காரர் அதே வெளுத்த வேட்டியில் வந்து, வேண்டுமென்றே குழாய்க்கு எதிரே ஒரு கட்டுக் குழைமேல் உட்கார்ந்தார்.

"நான் இஞ்ச இருக்கேன். அது எப்ப சாடுகுன்னு பாத்துட்டுத்தான் எழும்புவேன்."

பெல்ட் சாடவில்லை. மாப்பிள்ளை முதலில் கைக்கொத்தாகப் போட்டார். பிறகு கிளையோடு போட்டார். பிறகு கட்டை அவிழ்த்து அப்படியே சரித்தார். உருளை உறுமி விழுங்கியது. அந்த நேரம் பார்த்து ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து ஒரு காற்று வந்து, குழாயிலிருந்து வந்த தூளை எல்லாம் அள்ளிக் கீழப்பத்துக்காரர்மேல் போட்டது. தலையிலிருந்து வேட்டிவரை மனிதர் பச்சையாகிவிட்டார்.

"நிறுத்துவே! நிறுத்து! என்னைய வயல்ல போட்டு மிதிக்கவா?"

"எழும்பமாட்டேம்னு நீருதானே சொன்னீரு," என்றார் ஆசாரி. குழை நறுக்க வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி, இனி எங்களுக்கு மிதிக்கிற வேலை மட்டும்தானா என்று கேட்டாள். குழை எடுத்துப் போட இரண்டு பேர் எப்போதும் வேண்டும் என்று மாப்பிள்ளை சொன்னார். அவளும் இன்னொருத்தியும் அன்றே சேர்ந்துகொண்டார்கள்.

மதியச் சோற்றுக்குள் இருபது கட்டும் முடிந்தது. கீழப்பத்துக்காரர் வாய்க்காலில் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து, மீதிக் குழைக்கும் நாள் குறிக்கச் சொன்னார். அவரைப் பார்த்து இன்னும் ஐந்து பேர் கேட்டார்கள். யாருக்கு எந்த நாள் என்று எழுத மாப்பிள்ளை காகிதம் தேடினார். தங்கை முந்தானை முடிச்சை அவிழ்த்து உறையைக் கிழித்து, உள்ளே இருந்த தாளின் வெற்றுப் பக்கத்தைத் திருப்பி அவரிடம் நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து எழுதத் தொடங்கினார். எழுதும்போதே சீட்டி கேட்டது. அந்தத் தாளும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. ஒருபக்கம் மலைக்கு வருவதாக நாலு வரி, மறுபக்கம் ஆறு பேருக்கு நாள். மலைக்கு வரவில்லை என்று அன்று மாலையே வேறு கடிதம் எழுதினார். அதைத் தபால்பெட்டியில் போட யாரிடமும் கொடுக்கவில்லை, தங்கையே கொண்டுபோய்ப் போட்டாள்.

அடுத்த மூன்று வருஷமும் புரட்டாசி பிறந்தால் இரும்புக் கன்னுக்குட்டி தன் வாலோடு வயலோரங்களில் திரிந்தது. 1956 நவம்பரில் எங்கள் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த சமயத்தில், மரச்சட்டத்தை எடுத்துவிட்டு நாகர்கோவிலில் இரும்புச் சட்டம் வைக்க முடிவு செய்தார். வெல்டிங் செய்பவருக்குத் தாள் எழுதியது நான்தான். அகலம் 26 என்று எழுதப் போனேன்.

"ரெண்டு விரல் கூட்டியே எழுதுங்க, மச்சான்," என்றார்.

"இரும்புக்கு ஏது பருவம்னு சொன்னியளே?"

"எழுதுங்கன்னு சொல்லுகேன்லா."

எழுதினேன். இந்தத் தடவை காரணத்தையும் எழுதினேன். அதைப் படித்த வெல்டர் என்ன நினைத்தாரோ தெரியாது, சட்டம் சரியாக வந்தது. அந்த நறுக்கியில் வேலை செய்த யாருக்கும் என் நோட்டில் உள்ளவரை கையில் ஒரு கீறல்கூட இல்லை. பழைய அயனிச் சட்டம் தங்கை வீட்டில் நெல் மூட்டைக்கு அடிக்கட்டையாகக் கிடக்கிறது.

புரட்டாசி 20-ஆம் தேதி நான் உண்மையிலேயே மறந்தேனா என்று தங்கை இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் நோட்டில் குறிப்பு இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

சரிபார்க்காத வேறொன்றும் இருக்கிறது. ஆசாரியின் கணக்கை நானே ஒருமுறை போட்டுப் பார்க்க விரும்பினேன். வேறு ஊர் ஆசாரி ஒருவரிடம் முறை கேட்டு, அவருடைய கோலின்படி 42-க்கு 26 அங்குலச் சட்டத்தின் சுற்றளவை எடுத்தேன். அது வார்த்தக்யத்தில் நின்றது. கிழப்பருவம்தான், மரணம் இல்லை. ஆனால் எங்கள் ஆசாரியின் கோல் அவர் குடும்பத்தில் வந்தது, மற்றதைவிடக் கொஞ்சம் குட்டை என்று அவரே சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு நான் போனபோது, கூரை வேலையில் கைதவறி வாய்க்காலில் விழுந்து போய்விட்டது என்றார். புதுக்கோலை அவர் வேறு நீளத்தில் செய்துகொண்டார். ஆகவே நான் எழுதிக்கொடுத்த அளவு அவருடைய கோலில் மரணச்சுற்றில் விழுந்ததா, இல்லை அவர் சும்மா பயந்து கூட்டினாரா என்பது இந்த நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.